குலுக்கலின் ஆயுள்: பாத்திர விளையாட்டின் திறன் எண்களும் பங்கீட்டு நீதியும்

கேள்வி

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டுகளில், கதை தொடங்கும் முன்பே ஒரு பங்கீடு நடந்து முடிந்துவிடுகிறது. இவற்றுள் மூத்ததும் பரவலானதுமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்களை வகுத்திருக்கிறது: உடல்வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், ஆளுமைக் கவர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பூட்டிய கதவை உடைக்க முயன்றாலும், காவலனிடம் பொய் சொன்னாலும், விஷம் குடித்துப் பிழைத்தாலும், அந்த எண்தான் முன்னால் வந்து நிற்கும். ஒரு கதை மாதக்கணக்கில் ஓடும். சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் ஓடும். முதல் நாள் வாய்த்த எண் அத்தனை காலமும் கூடவே வரும்.

அந்த எண்ணை எப்படிக் கொடுப்பது நியாயம்? பகடை உருட்டுவதே நியாயம், எல்லாருக்கும் ஒரே பகடை என்பார்கள் ஒரு சாரார். ஆளுக்கு இத்தனை புள்ளி என்று சமமாகக் கொடுத்து அவரவரே பிரித்துக்கொள்ளட்டும் என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் கொடுக்கும் கணத்தை மட்டுமே பார்க்கின்றன என்பது என் கருத்து. ஒரு குலுக்கலின் நீதியை அளக்க, அதில் விழுந்தது எத்தனை நாள் நிற்கிறது, குறைவாக விழுந்தவருக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் பழைய பங்கீட்டு முறைகள் இதை நன்றாக அறிந்திருந்தன. அவற்றை இந்த மேசைக்குக் கொண்டுவருவதே கட்டுரையின் முயற்சி.

பகடையின் கணக்கு

மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை கிடைக்கும், சராசரி 10.5. மூன்றும் ஆறாக விழுந்து 18 கிடைக்க 216-இல் ஒரு வாய்ப்பு. இன்று பெருவழக்காக இருப்பது நான்கு பகடை முறை: நான்கை உருட்டி, மிகச் சிறியதை நீக்கி, மீதி மூன்றைக் கூட்டுவது. இதன் சராசரி ஏறத்தாழ 12.24. பதினெட்டுக்கான வாய்ப்பு 1,296-இல் 21. ஆறு திறன்களில் ஒன்றிலாவது 18 விழ, மூன்று பகடையில் நூற்றுக்குச் சுமார் 2.7 வாய்ப்பு என்றால், நான்கு பகடையில் சுமார் 9.

இந்த எண்கள் பலருக்குத் தெரிந்தவை. ஆனால் நீதியைப் பற்றிய கேள்விக்கு இவை விடை தருவதில்லை. ஒருவருடைய எண்ணை அல்ல, ஒரே மேசையில் இருக்கும் நால்வரின் எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான்கு பகடை முறையில் ஆறு திறன்களின் கூட்டுத்தொகை சராசரியாக 73.5, திட்ட விலக்கம் ஏறத்தாழ 7. இதிலிருந்து கணக்கிட்டால், நால்வருள் அதிகம் பெற்றவருக்கும் குறைவாகப் பெற்றவருக்கும் இடையே சராசரியாகவே சுமார் 14 புள்ளி இடைவெளி விழும். இது அபூர்வ விபத்து அல்ல. ஒரு சாதாரண நாளில் சாதாரணமாக நடப்பது. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் 18 உள்ளவர் இருபது பக்கப் பகடையில் ஒவ்வொரு முறையும் நான்கைக் கூட்டிக்கொள்வார். 8 உள்ளவர் ஒன்றைக் கழித்துக்கொள்வார். இருபது பக்கத்தில் ஒரு பக்கம் என்பது நூற்றுக்கு ஐந்து. ஆக, ஒரே செயலில் இருவரின் வெற்றி வாய்ப்புக்கும் இடையே 25 விழுக்காடு வேறுபாடு, ஆட்டம் முடியும்வரை.

தாயத்தோடு ஒப்பிட்டால் சிக்கல் தெளிவாகும். இரண்டு தாயக்கட்டைகளுக்கும் தலா நான்கு முகம். மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் விழ அவற்றுள் இரண்டு வழிதான், அதாவது எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் காய் வெளியிலேயே கிடக்க மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான வழக்கம். அது 16-இல் ஆறு. அதிர்ஷ்டம் ஏற்றத்தாழ்வாகவே விழுகிறது. ஆனாலும் ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில் எந்தத் திண்ணையிலும் தாயத்தை அநியாய ஆட்டம் என்று யாரும் சொல்வதில்லை. கட்டை திரும்பத் திரும்பக் கைக்கு வருகிறது. முன்னே போன காயை வெட்டலாம். இன்று தோற்றால் நாளை புது ஆட்டம். திறன் எண்ணில் இந்த மூன்றும் இல்லை. ஒருமுறை உருட்டல், அதோடு சரி.

1974-இல் இது ஏன் சிக்கலாக இல்லை

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்று பகடைதான். விழுந்த வரிசையிலேயே எண்களை வைத்துக்கொள்ள வேண்டும். இன்று கேட்டால் கொடுமையாகத் தெரியும். அன்றைய விதிகளுக்குள் வைத்துப் பார்த்தால் அவ்வளவு கொடுமை இல்லை. தன் தொழிலுக்குரிய முதன்மைத் திறன் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால், அனுபவப் புள்ளியில் பத்து விழுக்காடு கூடுதல் கிடைக்கும். அதைத் தாண்டி எண்ணின் பாதிப்பு மிகக் குறைவு. பாத்திரங்கள் அடிக்கடி சாகும். செத்தால் புதிதாக மூன்று பகடை. அதாவது, உருட்டலின் எடையும் குறைவு, ஆயுளும் குறைவு.

அடுத்த ஆண்டே நிலைமை மாறத் தொடங்கியது. 1975-இல் வந்த ‘கிரேஹாக்’ துணைநூல் திறன் எண்களுக்குப் பெரிய சலுகைகளை ஏற்றியது. கதைகள் நீண்டன, பாத்திரத்தின் மீது ஆடுபவரின் பற்றும் வளர்ந்தது. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் கையேடு நான்கு வழிகளைத் தந்தது. நான்கு பகடையில் சிறியதை நீக்குவது. 12 முறை உருட்டிச் சிறந்த ஆறை வைப்பது. ஒவ்வொரு திறனுக்கும் ஆறு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது. பன்னிரண்டு பாத்திரங்களை உருவாக்கி ஒன்றைத் தேர்வது. நான்குமே எண்ணை உயர்த்துகின்றன. ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலான இடைவெளியை மூடுவது இவற்றில் எதற்கும் நோக்கமாக இல்லை. உருட்டலின் ஆயுள் நீண்டதால் வந்த நோய்க்கு, உருட்டலின் சராசரியைக் கூட்டுவதை மருந்தாகக் கொடுத்தார்கள். பகடை முறையின் வரலாறு முழுவதும் இந்தப் பிழை தொடர்கிறது என்றே நான் கருதுகிறேன்.

புள்ளிக் கணக்கு யாருக்குச் சாதகம்

மறுதரப்பு 1980-களில் வலுப்பெற்றது. 1981-இல் ‘சாம்பியன்ஸ்’, 1986-இல் ஸ்டீவ் ஜாக்சனின் ‘கர்ப்ஸ்’ ஆகியவை பகடையை விட்டுவிட்டு ஆளுக்குச் சமப் புள்ளி என்றன. ஐந்தாம் பதிப்பிலும் இப்படி ஒரு வழி உண்டு. ஆளுக்கு 27 புள்ளி. திறன் 8-இல் தொடங்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. 14-க்கும் 15-க்கும் படிக்கு இரண்டு. கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்று ஆயத்த வரிசையும் இருக்கிறது. அதன் விலையும் சரியாக 27, கூட்டுத்தொகை 72.

இதைவிடச் சமமாக ஒன்று இருக்க முடியாது என்று தோன்றும். குயிலாப்பாளையத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு இந்த விளையாட்டை நடத்தும்போது வேறொன்று தெரிகிறது. மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே இருக்கும் ஊர் இது. ஒரே மேசையில் ஆங்கில விதிநூலை வீட்டிலேயே புரட்டிப் பார்த்த பிள்ளையும் உட்காரும். அந்த நூலை மேசையில்தான் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளையும் உட்காரும். 27 புள்ளியைக் கொடுத்தால் முதல் பிள்ளை தன் வீரனுக்குப் பயன்படாத திறன்களை எட்டிலேயே விட்டுவிட்டு, வேண்டியவற்றில் பதினைந்தை வாங்கிவிடும். இரண்டாவது பிள்ளை, எதையும் கைவிட மனமில்லாமல், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும்: மூன்றில் 12, மூன்றில் 13. இருவரும் செலவழித்தது அதே 27. முதல் சண்டையிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். சமமாகக் கொடுத்த புள்ளி, விதி தெரிந்தவருக்கு ஒரு விலையும் தெரியாதவருக்கு வேறு விலையுமாகப் போகிறது. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கலாமே என்பார்கள். சொல்லிக்கொடுத்தால் அது சொல்லிக்கொடுத்தவரின் பாத்திரமாகிவிடுகிறது; பிள்ளையின் முகம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

பகடைக்கு இங்கேதான் உண்மையான வலிமை இருக்கிறது. யார் எத்தனை நூல் படித்தார் என்று அது கேட்பதில்லை. இன்னொன்றும் உண்டு: புள்ளியில் நாம் கேட்ட பாத்திரம் கிடைக்கும், பகடையில் நாம் நினைத்தே பார்க்காத ஒருவர் வந்து நிற்பார். அறிவில் 6 விழுந்த மந்திரவாதியைப் பிள்ளைகள் கதையில் எத்தனை அன்போடு காப்பாற்றுகிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் பகடையை எளிதில் கைவிட மாட்டார்கள். ஆகவே, குலுக்கலை வைத்துக்கொண்டே அதன் கொடுமையைக் குறைக்க முடியுமா என்பதே பார்க்க வேண்டியது.

உத்திரமேரூர்: குலுக்கலைச் சுற்றிய வேலி

தமிழ்நாட்டில் குலுக்கல் பற்றிப் பேசினால் குடவோலை வராமல் இருக்காது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குலுக்கலில் எடுத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. கல்வெட்டாய்வாளர் வெங்கையா 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆய்வுகளில் விரித்துரைத்தார். பிற்கால மேடைப் பேச்சுகளில் இது தமிழரின் பழைய மக்களாட்சி ஆனது. எதிர்வாதமும் வலுவானது. அது ஒரு பிராமணச் சபை. பெயர் எழுதப்படவே கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இந்த எதிர்வாதத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பது குலுக்குவதற்கு முன்பே முடிந்துவிட்ட அரசியல்.

ஆனால் குடத்துக்குள் போன பெயர்களுக்கு இடையே அந்தச் சபை காட்டிய கவனம் தனியே படிக்கத்தக்கது. முப்பது குடும்புகளின் (ஊர்ப் பிரிவுகளின்) ஓலைகளும் தனித்தனிக் கட்டாகக் குடத்தில் இடப்படும். இளையோர் முதியோர் அடங்கிய பெருங்கூட்டத்தின் முன், ஊரிலிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) அனைவரும் அமர்ந்திருக்க, அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பார். பிறகு நம்பிமாரும் வாசிப்பார்கள். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக விரல்களை விரிக்கச் சொன்ன ஒரு சபை, தன் மனிதர்களை நன்றாக அறிந்த சபை. வீட்டில் தனியே உருட்டி, இரண்டு பதினெட்டோடு மேசைக்கு வரும் வழக்கமுள்ள விளையாட்டுக் குழுக்களுக்கு இந்த ஒரு விதியே பெரிய பாடம்.

அதைவிட முக்கியமானது கால வரம்பு. வாரியப் பொறுப்பு 360 நாள். அதன்பின் மூன்று ஆண்டுகள் அவர் பெயர் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினர் பலருக்கும் வாசல் அடைக்கப்பட்டது. விதி சரிவரவில்லை என்று கண்டதும் இரண்டே ஆண்டில் திருத்தியும் எழுதினார்கள்: 919-இல் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, 921-இல் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்றானது. ஓலையில் வந்த அதிர்ஷ்டம் யாரிடமும் தங்கிவிடாதபடி நாலாபுறமும் வேலி போட்டிருக்கிறார்கள்.

வரிசைக்குக் குலுக்கல், அளவுக்கு அல்ல

பழவேற்காடு ஏரியின் மீனவர்களிடம் இருந்த பாடு முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. செபாஸ்டியன் மேத்யூ 1991-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக இதை ஆராய்ந்து எழுதினார். இறால் நன்றாகப் படும் இடங்கள் சில, படாத இடங்கள் சில. குலுக்கலில் முறை விழும். அதன்பின் இடங்கள் சுற்றில் மாறிக்கொண்டே போகும். நல்ல இடத்தில் தொடங்கியவர் நாளை சுமாரான இடத்துக்குப் போவார். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் பாடு என்ற பெயரிலேயே இத்தகைய முறை உண்டு. இங்கே குலுக்கல் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில்லை. யார் முதலில் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

குலுக்கல் சீட்டும் அப்படித்தான். இருபது பேர், இருபது மாதம், எல்லாரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். சீட்டு விழுந்தவர் பெயர் மறுமாதம் குலுக்கலில் இராது. கடைசி மாதம் எடுப்பவருக்கும் அதே தொகைதான். முதலில் எடுப்பவருக்கு ஆதாயம் உண்டு என்பது உண்மையே. ஆனால் எடுக்காமல் போனவர் என்று ஒருவரும் மிஞ்சுவதில்லை.

நிலத்தில் இதற்கு இணையானது கரையீடு. சென்னை மாகாணத்தின் மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எஃப். டபிள்யூ. எல்லிஸ் எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. அவற்றில் இரு வகை ஊர்கள் பேசப்படுகின்றன. பசுங்கரை ஊர்களில் பங்காளிகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை வயல்களைத் தங்களுக்குள் மறுபடி பங்கிட்டுக்கொள்வார்கள். அறுதிக்கரை ஊர்களில் ஒரே தடவை பிரித்ததோடு சரி. மேட்டு வயல் வாய்த்தவருக்கு மேடு, மடைக்குப் பக்கத்தில் வாய்த்தவருக்கு மடை. பின்னர் ரயத்துவாரியில் ஒவ்வொரு வயலும் தனியாள் பெயரில் பதிவானபோது மறுபங்கீடு படிப்படியாக வழக்கொழிந்தது. பண்ணையாட்களுக்கும் படியாட்களுக்கும் இரு வகை ஊர்களிலும் பங்கு கிடையாது என்பதை இங்கும் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டிலும் பாடு குறிப்பிட்ட சாதியாருக்குள் மட்டுமே சுற்றியது. பின்னால் வலையெடுத்தவர்கள் வெளியே நின்றார்கள், பூசல்கள் வந்தன.

இன்று நாம் நடத்தும் குலுக்கல்களில் ஒன்று அறுதிக்கரையின் சாயலில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களுக்கு, விண்ணப்பங்கள் மிகுந்தால், தமிழ்நாட்டில் குலுக்கலில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஒரு குலுக்கல் எட்டாம் வகுப்பு வரை நிற்கும். பள்ளியிருக்கையைப் பாதியாக வெட்டவும் முடியாது, ஆண்டுக்கொரு பிள்ளைக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியாது என்பதால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பிரிக்கவும் சுற்றிவிடவும் முடியாத பொருளுக்கே அளவைத் தீர்மானிக்கும் குலுக்கல் தகும். திறன் எண்ணோ தாராளமாகப் பிரிக்கக்கூடியது. அதை அறுதிக்கரையாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மேசைக்கு

எளிய வழி ஒன்று: மேசையில் இருப்பவர்கள் எல்லாரும் கூடி ஆறு எண்களை உருட்டி, அதே ஆறை எல்லாரும் அவரவர் விருப்பப்படி அடுக்கிக்கொள்வது. குறைவாக விழுந்தால் எல்லாருக்கும் குறைவு. மரக்காணத்தில் பருவம் தவறிய மழை எல்லாப் பாத்தியிலும் உப்பை ஒரே அளவாகத்தான் கரைக்கும். ஆடுபவர்கள் நெருங்கிப் பழகாத குழுவுக்கு இது நல்லது. ஆனால் எந்த எண்ணை எங்கே வைப்பது என்ற கணக்கு மறுபடியும் விதி தெரிந்தவருக்கே உதவும்; நினையாத ஒருவர் வந்து நிற்கும் வியப்பும் குறையும்.

நான் பரிந்துரைப்பது சீட்டுக்கட்டு முறை. ஒரு கட்டிலிருந்து மூன்று ஜாதியில் ஆஸ் முதல் ஆறு வரை எடுத்தால் 18 சீட்டு, ஆஸ் ஒன்று. நன்றாகக் கலைத்து, எல்லார் முன்னிலையிலும் மும்மூன்றாகத் திறந்து, ஆறு திறனுக்கும் வரிசையாக வைக்க வேண்டும். கூட்டுத்தொகை யாருக்கும் 63-தான். ஆனால் எந்தத் திறனில் எவ்வளவு என்பது முழுக்கக் குலுக்கல். மூன்று பகடையில் ஒரு திறனின் திட்ட விலக்கம் 2.96, இங்கே 2.78. அதாவது வியப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆளுக்கு ஆள் இருந்த மொத்த இடைவெளி மட்டும் அறவே போய்விடுகிறது. இழப்பும் உண்டு: எங்காவது ஒரு 18 விழும் வாய்ப்பு 816-இல் ஆறாகக் குறைகிறது, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் பதிப்பின் வலிமையான பாத்திரங்கள் வேண்டுமென்றால் ஆஸை 4 என்று எண்ணிக்கொள்ளலாம். மொத்தம் 72 ஆகும். ஆயத்த வரிசையின் மொத்தமும் அதுவே.

தொகை சமமானால் மதிப்பும் சமமா என்ற வலுவான ஆட்சேபம் உண்டு. 16, 16, 8, 8, 8, 7 என்று விழுந்தாலும் 63. 11, 11, 11, 10, 10, 10 என்று விழுந்தாலும் 63. முதலாமவருக்குத் தம் தொழிலில் ஒவ்வொரு முறையும் மூன்று கூடும்; இரண்டாமவருக்கு எதிலும் எதுவும் கூடாது. புள்ளிக் கணக்கு உயர்ந்த படிகளுக்கு இரட்டை விலை வைத்தது இதற்காகத்தான். சீட்டுக்கட்டு முறை இதைத் தானாகத் தீர்க்காது. இங்கே இரண்டு பழைய ஏற்பாடுகள் கைகொடுக்கும். மிக உயர்ந்த எண் யாரிடம் குறைவோ, அவரே பாத்திரத்தின் தொழிலை முதலில் தேர்ந்தெடுக்கட்டும். வரிசையில் முந்துவதும் ஒரு செல்வம் என்பதைச் சீட்டுப் பிடித்தவர்கள் அறிவார்கள். அடுத்தது பசுங்கரை. கதையின் ஒவ்வொரு பெரிய கட்டம் முடியும்போதும், ஒவ்வொருவரும் தம் பதினெட்டுச் சீட்டில் இரண்டை இடம் மாற்றிக்கொள்ளலாம். மொத்தம் மாறாது. ஆடி ஆடி விதி புரிந்த பிள்ளை, தொடக்கத்தில் அமைந்த அடுக்கைத் தன் அனுபவத்தால் மெல்லத் திருத்திக்கொள்ளும். எட்டில் கிடந்த திறன் ஒன்று பத்துக்கு ஏறியதென்றால், பாத்திரத்துக்கு இடையில் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையே கதை சொல்ல வேண்டும். அந்தக் கதைகள் பல நேரம் நடத்துநர் தயாரித்து வந்ததைவிட நன்றாக இருக்கின்றன.

பழவேற்காட்டுப் பூசல்கள் எழுப்பிய கேள்வி ஒன்று மீதியிருக்கிறது: ஆட்டத்தின் நடுவில் வந்து சேர்பவர். பகடை மேசையில் புதியவர் ஒரே உருட்டலோடு, ஏற்கெனவே நல்ல எண்களோடு வளர்ந்து நிற்பவர்களிடையே வந்து உட்காருவார். பல குழுக்களில் கடைசியாக வந்த பிள்ளையே முதலில் விலகவும் செய்கிறது. சீட்டுக்கட்டில் அவருக்கும் அதே பதினெட்டு, அதே மொத்தம். அதோடு, மற்றவர்கள் அதுவரை எத்தனை முறை சீட்டை மாற்றிக்கொண்டார்களோ அத்தனை மாற்றத்தை அவருக்கு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். குயிலாப்பாளையத்து மேசையில் இதை விதியாகவே வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைக்காகச் சீட்டைக் கலைப்பது, மேசையில் இருப்பவர்களில் வயதில் இளையவரின் வேலை.